நெட்டை எழுத்தில் அண்ணன் பெயர்

எங்கள் அச்சகத்தில் அந்த எழுத்துக்கு நெட்டை என்றுதான் பெயர். விலைப்பட்டியலில் வேறு ஏதாவது கௌரவமான பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒரு சாண் உயரம், இரண்டு விரல் அகலம், அடியிலிருந்து நுனிவரை ஒரே கறுப்பு. மரத்தில் வெட்டியது. கையில் எடுத்தால் எழுத்து மாதிரியே இருக்காது, ஏதோ கதவின் தாழ்ப்பாளைப் பிடித்திருப்பதுபோல் இருக்கும்.

தமிழ் எழுத்து சுபாவத்திலேயே சப்பணம் போட்டு உட்காரும் எழுத்து. ண, ஞ, ஐ எல்லாம் பக்கத்தில் இருப்பதைத் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொள்ளும். அவற்றை இரண்டு பக்கமும் நெருக்கி எழுப்பி நிறுத்தினால் எப்படி இருக்கும்? துறைமுக வாசலில் காலையில் வேலைக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தோளைத் திருப்பி, வயிற்றை எக்கி, ஒருவன் முதுகில் இன்னொருவன் மார்பு இடிக்க நிற்பார்கள். நெட்டையும் அப்படித்தான் நிற்கும். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் ஊசி நுழைகிற அளவுதான். மை கொஞ்சம் கூடிவிட்டால் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு கரிக்கட்டியாகிவிடும். எனக்கு அந்த எழுத்தைக் கண்டாலே ஆகாது. பாடப்புத்தகத்துக்குச் சின்ன எழுத்துக் கோக்கும்போது மனசு ஒரு நிதானத்துக்கு வரும். நெட்டையை அடுக்கினால் காதுக்குப் பக்கத்தில் எவனோ நின்று கத்துவதுபோல் இருக்கும். ஆனால் என் பிடித்தத்தை யார் கேட்டார்கள்? எங்களுக்குச் சோறு போட்டது நெட்டைதான்.

யுத்தம் முடிந்திருந்தது, காகிதப் பஞ்சம் முடியவில்லை. முழுத்தாளில் சுவரொட்டி அடிக்க வக்கில்லாமல் தாளை நீளவாக்கில் பாதியாகக் கிழித்து அடித்துக்கொண்டிருந்தோம். அந்த ஒல்லித் தாளில் 'குத்துச்சண்டை' என்று சாதாரணப் பெரிய எழுத்தில் போட்டால், 'குத்துச்' ஒரு வரியிலும் 'சண்டை' அடுத்த வரியிலும் விழும். நெட்டையில் போட்டால் ஒரே வரியில் அடங்கும். எதிர்ச்சாரியில் நின்றாலும் கண்ணில் குத்தும். அதனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கூட்டம் சேர்க்க நினைத்த எவனும் எங்கள் முதலாளியிடம் வந்து நெட்டைதான் கேட்டான். நாடகம், சர்க்கஸ், சினிமா, தொழிற்சங்கக் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமைக் குத்துச்சண்டை. 'ரோசமான குத்துச்சண்டை' என்ற வரியை நான் எத்தனை தடவை அடுக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

கெட்ட செய்தி எங்கள் பக்கத்தில் காகிதத்தில் வராது. சாவென்றால் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவான். பிள்ளை தொலைந்தாலோ சர்க்கார் உத்தரவு வந்தாலோ ஒருவன் தமுக்கடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் கத்திப் போவான். சுவரில் காகிதம் ஒட்டினால் வேடிக்கை வரப்போகிறது என்று அர்த்தம். பிள்ளைகள் பசை காய்வதற்குள் வந்து நின்றுவிடும்.

அண்ணன் துறைமுகத்தில் மூட்டை இறக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை போட்டான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயிற்றில் பிறந்ததைத் தவிர ஒற்றுமை கிடையாது. அவனுக்குக் கை, எனக்கு வாய். அவன் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. மேடையில்கூட எதிராளி விழுந்தால் இவன்தான் முதலில் குனிந்து தூக்குவான். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எண்ணூர் வரைக்கும் அவன் 'வாத்தியார்'. எனக்கோ அந்தச் சண்டையைப் பார்க்கவே பிடிக்காது. சொந்த அண்ணன் முகத்தில் ஊரான் குத்துவதைக் காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்ப்பதா என்று நான் போனதே இல்லை.

அவன் பெயர் மாதம் தவறாமல் சுவரில் ஏறியது. நெட்டையில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு மூன்றுதான் இருக்கும். அண்ணன் பெயரைக் கோத்துவிட்டால் எதிராளி பெயருக்கு எழுத்துப் பத்தாது. சண்டை நடத்துகிற காண்டிராக்டர் இதைப் பார்த்துவிட்டு, காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் செதுக்கும் தச்சரிடம் போய் அண்ணன் பெயரை மட்டும் ஒரே அச்சுக்கட்டையாக வெட்டி வாங்கி வந்தார். தச்சர் நம் நெட்டையைப் பார்த்துத்தான் வெட்டினார். ஆனால் கடைசி எழுத்தின் தலைக்கு மேல் வரும் வளைவை மட்டும், பழக்க தோஷம், தூண்டில் முள் மாதிரி வளைத்துவிட்டார். குப்பத்து ஜனங்களுக்கு அது போதும். எழுத்தே தெரியாதவன்கூட அந்த முள்ளைத் தூரத்தில் பார்த்ததும், "டேய், நம்ம வாத்தியாரு சண்டைடா" என்று சொல்லிவிடுவான்.

கடைசிச் சண்டை பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை பார்த்த ஓர் இளைஞனோடு. அண்ணன் ஜெயித்ததாகத்தான் கையைத் தூக்கினார்கள். வீட்டுக்கு வந்து சோறு தின்றான், படுத்தான், மறுநாள் வேலைக்குப் போனான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "சோறு ஆயிடுச்சா?" என்று கேட்டான். மூட்டை தூக்கும் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே கொக்கியைத் தேடினான். தன் பெண் குழந்தையை எங்கள் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அது முதலில் சிரித்தது, பிறகு பயந்தது. ஒருநாள் அடுத்த தெருவில் யார் வீட்டிலோ போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். தலையில் வாங்கிய அடி, உள்ளே போய்விட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு நாழியே ஆகவில்லை.

அண்ணி துறைமுகக் கோடவுனில் சிந்திய தானியத்தைக் கூட்டிப் புடைக்கும் வேலை செய்தாள். தவிட்டுத் தூசியோடு வீட்டுக்கு வருவாள். வந்ததும் முதலில் பார்ப்பது அண்ணன் இருக்கிறானா என்றுதான். இருப்பான். எங்கேயும் போகமாட்டான். ஒன்றே ஒன்று மட்டும் அவனைவிட்டுப் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து கடலோரமாக வடக்கே ஓடுவான். இருபது வயதிலிருந்து ஓடிய ஓட்டம். எல்லாம் மறந்தபிறகும் காலுக்கு மட்டும் அது ஞாபகம் இருந்தது. திருவொற்றியூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவான். வழியில் எல்லாருக்கும் அவனைத் தெரியும் என்பதால் நாங்களும் தடுக்கவில்லை. தடுத்தால் குழந்தை மாதிரி அழுதான்.

ஐப்பசியில் ஒரு நாள் ஓடப்போனவன் திரும்பவில்லை.

போலீசில் சொன்னோம். "சாம்பியனுக்கு யாரு வழி சொல்லணும், தானா வந்துடுவாரு" என்றார் அங்கே இருந்தவர். அவர் கேலி செய்யவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அண்ணி தமுக்கடிக்கச் சொன்னாள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தமுக்கு சுற்றிவந்தது. எங்கள் தெருக்களில் எல்லாருக்கும் அண்ணன் நிலைமை தெரியும். அவர்கள் கண்ணில் பட்டிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பார்கள். அப்படியானால் இன்னும் வடக்கே போயிருக்கிறான். தமுக்குக்காரன் அவ்வளவு தூரம் போகமாட்டான்.

அண்ணி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்கு வந்துவிட்டாள். முதலாளி நல்ல மனிதர்தான், கொஞ்சம் புலம்பல். "தாளே இல்லியேம்மா, மில்லுல குடுக்கலியே" என்று ஆரம்பித்தவர், குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சர்தான், சர்க்கஸ் நோட்டீசுக்கு வெச்ச தாள் கீது, அத்த எடுத்துக்கோ" என்றார்.

என்ன எழுத்தில் போடுவது என்று பேச்சு வந்தது. அண்ணி தயங்கவே இல்லை.

"அவரு பேரு கட்டை கீதே, அத்தையே போடுப்பா. படிக்காதவனுக்குங்கூட அவரு பேரு தெரியும். எண்ணூர் வரைக்கும் தெரியும். வேற எழுத்துல போட்டா யாரு நின்னு படிச்சிகினு இருப்பான்?"

முதலாளி ஆமோதித்தார். நானும் சரி என்றேன். இன்றைக்கு யோசித்தாலும் அண்ணி சொன்னது சரிதான். அதைவிட நல்ல யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாராவது ஒருவர் முட்டாள்தனம் செய்திருந்தால் அவரைத் திட்டியாவது என் காலத்தைக் கழித்திருப்பேன்.

அந்தச் சுவரொட்டியை நானே கோத்தேன். மேலே அண்ணன் பெயர்க் கட்டை. அதற்குக் கீழே நெட்டையின் அடுத்த அளவில் 'காணவில்லை'. 'லை'யின் மூக்கு ஏதோ ஒரு நாடக நோட்டீஸ் அடித்தபோது உடைந்துபோயிருந்தது; அதில் காகிதக்கூழை வைத்து அடைத்துச் சரிசெய்தேன். வரியின் இரண்டு ஓரத்திலும் விரல் நீட்டிக் காட்டும் கைப்படம் வைப்பது வழக்கம். முதலாளி அதையும் வைக்கச் சொன்னார். ஜனங்கள் பார்வை அங்கேதான் போகும் என்றார். அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: மாநிறம், இடது புருவத்தில் தையல் தழும்பு, காக்கி அரை டிராயர், ஞாபகசக்தி இல்லாதவர், பார்த்தவர்கள் நிறுத்திவைத்துத் தகவல் தரவும். கடைசியில் எங்கள் அச்சகத்தின் விலாசம். முதல் தாள் மெஷினிலிருந்து வந்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. சுழி ஒன்றும் அடைக்கவில்லை. கறுப்பு பளபளவென்றிருந்தது. அண்ணி எட்டி நின்று பார்த்து, "நல்லாத் தெரியுது" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது.

திருவொற்றியூர் வரைக்கும் நான் ஒட்டினேன். ஒட்டிய இடத்திலெல்லாம் ஆள் கூடியது. கூடியவர்களிடம் வாயாலும் சொன்னேன், புருவத்துத் தழும்பைத் தொட்டுக்காட்டிச் சொன்னேன். அதற்கு வடக்கே எர்ணாவூர், காத்திவாக்கம், எண்ணூர் பக்கமெல்லாம் அச்சகத்துக்கு வழக்கமாக ஒட்டுகிறவர் ரயிலில் போய் ஒட்டிவிட்டு வந்தார். அவர் வேலை ஒட்டுவது. மதுவிலக்கு வந்து பூட்டிக் கிடந்த காத்திவாக்கம் கள்ளுக்கடைச் சுவரில்தான் சண்டை நோட்டீஸ்களை எப்போதும் ஒட்டுவார். எல்லாரும் பார்க்கிற இடம். அங்கேயே ஒட்டினார்.

அண்ணி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு அச்சகத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். யாராவது தகவலோடு வந்தால் தான் இருக்க வேண்டும் என்றாள். மெஷின் சத்தத்தில் குழந்தை முதல் நாள் அழுதது, அப்புறம் பழகிவிட்டது. வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் அண்ணி எழுந்து நிற்பாள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்களெல்லாம் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்கும் பெண்ணைப் பார்த்துச் சங்கடப்பட்டார்கள். நான் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று அவளைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகினேன்.

ஞாயிற்றுக்கிழமை அச்சகம் மூடியிருக்கும். அன்றைக்கும் அண்ணி வந்து உட்கார்ந்திருந்தாள், துணைக்கு நானும். முதலாளி வீடு பின்னாலேயே என்பதால் வாசலைத் திறந்து வைத்திருந்தார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். தெருவில் பேச்சும் சிரிப்புமாக ஒரு கூட்டம் வந்தது. பத்துப் பதினைந்து பேர். கடல் வெயிலில் கறுத்த ஆட்கள், வெளுத்த வேட்டி, தலையில் எண்ணெய், சிலர் கழுத்தில் புதுக் கைக்குட்டை. ஒருவர் கையில் வாழைநாரில் கோத்த இறால் பொட்டலம். அவர்தான் மூத்தவர், நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னா நைனா, சண்டை எங்க? மைதானத்துல ஒரு ஈ காக்கா இல்ல. டிக்கெட்டு எப்பவும் இந்தத் தெருவுலதான தருவீங்க?"

"எந்தச் சண்டை?" என்றேன்.

"அட, வாத்தியாரு சண்டைப்பா! அம்மாம் பெர்சா நோட்டீஸ் ஒட்டிக்கினு எந்த சண்டைன்னு கேக்குறியே" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. "எத்தினி வருசமாச்சு அவரு கையத் தூக்கி! காத்திவாக்கமே கெளம்பி வந்து கீது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணிக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"அவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தமாவா? எங்க ஊர்லதான்க்கா இருந்தாரு. சண்டைக்கு ஒடம்பத் தேத்திக்க கடலோரமா வந்து தங்கிட்டாருன்னு நாங்க நெனச்சோம். வலைக் கொட்டாயில படுத்துகினாரு. முட்டை, மீனு, இறாலு, ஒரு கொறை வெக்கல. காலீல அவரு ஓடுவாரு, பசங்கள்லாம் பின்னால ஓடுவானுங்க. ஊருக்கே திருவிழா மாறிதான்." அவர் இறால் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுகூட அவருக்குத்தான். இங்கதான கீறாரு?"

அண்ணி அந்தப் பொட்டலத்தையே பார்த்தாள். அவருடைய சிரிப்பு மெதுவாகக் குறைந்தது.

"வெள்ளிக்கெழம காலீல ஓடிக்கினே வடக்க போனாரு. வர்ல. சண்டை கிட்ட வந்துடுச்சே, நேரா ராயபுரம் போயிட்டாருன்னு நெனச்சிகினோம்" என்றார்.

முதலாளி உள்ளேயிருந்து ஒரு சுவரொட்டியை எடுத்து வந்து பலகைமேல் விரித்தார். விரலை வைத்து, 'காணவில்லை' என்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். சின்ன எழுத்தையும் படித்தார். இறால் கொண்டுவந்த அந்த மூத்தவர் கடைசி வரியை மட்டும் காட்டி, "இந்தத் தெரு பேரு நான் படிச்சேனே. டிக்கெட்டு எப்பவும் இந்தத் தெருவுலதான" என்றார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், விலாசத்தை மட்டும் படித்திருக்கிறார். அண்ணன் பெயரை ஊரே படித்துவிட்டது. நடுவில் இருந்ததைப் படிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அந்த எழுத்து, அந்தக் கறுப்பு, அந்தக் கைப்படம், அந்தத் தூண்டில் முள், அந்தச் சுவர், கூடவே ஆளும் ஊரில் வந்து நிற்கிறான். இதற்கு மேல் ஒரு சண்டைக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? நானாக இருந்தாலும் டிக்கெட் கேட்டு வந்திருப்பேன்.

குழந்தையை முதலாளியின் மனைவியிடம் விட்டுவிட்டு அன்றைக்கே ரயில் ஏறினோம். அந்த ஆட்கள் எங்களோடு அதே பெட்டியில் வந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்கள். கைக்குட்டைகளைக் கழற்றி மடியில் செருகியிருந்தார்கள்.

காத்திவாக்கத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் கழிமுகம். கோடையில் மணல் அடைத்து மேடாகிவிடும். வயசுக்காலத்தில் அண்ணன் அதைத் தாண்டியும் ஓடியிருப்பான். ஐப்பசி மழைக்கு அது திறந்து, உப்பங்கழித் தண்ணீரெல்லாம் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஈர மணலில் கரையோரமாக ஓடுகிறவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவனுக்கு அது தெரிந்திருக்காது. அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. பார்த்தவர் யாரும் இல்லை.

அந்த ஊர் ஆட்கள் தொழிலுக்குப் போகவில்லை. கட்டுமரத்தை எல்லாம் கழிமுகத்தில் இறக்கி வலைபோட்டு அரித்தார்கள். பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் தடவுகிற மாதிரி காலால் தடவிப் பார்த்தார்கள். அக்கரைக்கும் போய்க் காட்டுப்பள்ளி வரைக்கும் கேட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள்மேல் கோபப்பட நான் எவ்வளவோ முயன்றேன். எனக்குக் கோபம் சுலபமாக வரும், அன்றைக்கு வரவில்லை. இப்படி ஒரு அன்போடு அவனை யாரும் வைத்திருந்திருக்க மாட்டார்கள், நான் உட்பட. வீட்டில் நான் அவனிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர்கள் அவன் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டிருக்கிறார்கள்.

அண்ணன் கிடைக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லத் தெம்பு இருக்காது. உடலும் கிடைக்கவில்லை. அண்ணிக்குத் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவளாகவும் கழற்றவில்லை. பல வருஷம் கழித்து அவள் செத்தபோது அதோடுதான் எடுத்துக்கொண்டு போனோம். நான் வேறு அச்சகத்துக்கு மாறினேன். அங்கேயும் நெட்டை இருந்தது. எல்லா அச்சகத்திலும் இருந்தது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் இருந்தது. அது கத்தும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நடந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் மனசு ஆறவில்லை. ஆறும் என்று சொன்னவர்களெல்லாம் சும்மா சொன்னார்கள்.

ஆனால் என்னைத் தின்பது கழிமுகம் இல்லை. தேடி ஓய்ந்த அந்தச் சாயங்காலம் நடந்தது வேறு. எல்லாரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். வலையை உலர்த்த விரித்திருந்தார்கள். அந்த மூத்தவர் அண்ணிக்கு எதிரில் வந்து குந்தினார்.

"ஒண்ணு சொல்லணும்க்கா" என்றார். "சொல்லாம வெச்சிகினு இருக்க முடில."

அண்ணி தலையசைத்தாள்.

"வியாழக்கெழம சாயங்காலம் வாத்தியாரு அந்த நோட்டீசுக்கு முன்னால நின்னுகினு இருந்தாரு. கையால தடவித் தடவிப் பாத்தாரு. அப்பால எங்க கிட்ட கேட்டாரு, 'இன்னாப்பா இது?'ன்னு. ஞாயித்துக்கெழம சண்டைன்னு சொன்னோம். 'யாரு சண்டை போடுறது?'ன்னாரு. நாங்க அவரு பேரையே சொன்னோம். 'நல்லா அடிப்பானா?'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சிட்டோம்க்கா. தமாசு பண்றாருன்னு நெனச்சிட்டோம்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அந்த ஆளை அடிக்க ஒருத்தன் இன்னும் பொறக்கலன்னு சொன்னோம்."

"அதுக்கு அவரு?"

மூத்தவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "'அவனுக்குப் பொஞ்சாதி புள்ளை கீதா?'ன்னு கேட்டாரு. கீது வாத்தியாரே, ஒரு பொண்ணு கீதுன்னோம். மறுபடி நோட்டீசத் தடவுனாரு. அப்பால, 'பாவம்பா, சண்டையெல்லாம் வாணாம், அவனை வூட்டுக்குப் போவச் சொல்லுங்க'ன்னாரு. நாங்க அதுக்கும் சிரிச்சோம்."

அண்ணி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர்மேல் கோபமும் இல்லை. ஏதோ கடையில் மறந்து வைத்துவிட்டு வந்த பொருளைக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"சொல்லியிருக்கலாமேப்பா," என்றாள். "அவரு கிட்டயே, 'வூட்டுக்குப் போங்க'ன்னு சொல்லியிருக்கலாமே."